மணிக்கூடு கட்டும் இடம் சிவந்து கடிக்கிறது, கழற்றி வைக்கவும் மனமில்லை

நாவற்குடாத் தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நாவற்குடாவில் இருந்து எழுதுகிறேன். வயது 46. வீட்டில் இருந்தே தையல் வேலை. போன வருடக் கடைசியில் எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னார். நாள் முழுக்க மெசினுக்கு முன்னால் இருந்தால் வேறென்ன வரும் என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் நடக்கச் சொன்னார். கனடாவில் இருக்கும் என் தம்பி இதைக் கேள்விப்பட்டதும் ஒரு ஸ்மார்ட் வோட்ச் அனுப்பிவிட்டான். விடிய ஐந்தேகாலுக்கு அதைக் கட்டிக்கொண்டு கல்லடிக் கடற்கரைக்கு நடப்பேன். ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி என்று வைத்துக்கொண்டேன். நடந்து முடித்ததும் கையில் மெல்ல ஒரு அதிர்வு வரும். அந்த அதிர்வுக்காகவே நடந்த நாட்கள் உண்டு. சீனியும் குறைந்துகொண்டுதான் வந்தது.

ஆறாவது கிழமை அளவில் இடது மணிக்கட்டு கடிக்கத் தொடங்கியது. முதலில் வேர்க்குரு என்று நினைத்தேன். கச்சான் காற்று அடிக்கிற காலம், இங்கே வெக்கை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடற்காற்று வருமுன்னரே மெசின் மேசையில் அயன் பெட்டிச் சூடு ஏறிவிடும், கை முழுக்க வியர்வை.

பிறகு கழற்றிப் பார்த்தால் மணிக்கூட்டின் அடிப்பக்கம் எவ்வளவோ, அவ்வளவுக்கு அச்சுப் போட்ட மாதிரி ஒரு சிவந்த வட்டம். உள்ளங்கைப் பக்கம், பட்டியின் கொளுக்கி படும் இடத்தில் இன்னொரு தடிப்பு. அது சிறியது, ஆனால் மோசமானது. சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், சொறிந்தால் நீர் கசிகிறது, காய்ந்தால் பொருக்கு. ராத்திரியில் அந்த இடம்தான் எழுப்புகிறது.

அம்மா பார்த்துவிட்டு, "என்ன மனே இது, அந்த வெளிச்சம் சுட்டிருக்கு" என்கிறார். அடியில் எரியும் பச்சை வெளிச்சத்தைத்தான் சொல்கிறார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார், பூசினேன், எரிந்தது. தேங்காய் எண்ணெய் போட்டேன். பாமசியில் ஒரு கிறீம் தந்தார்கள், மூன்று நாளில் நல்லாகி, நிறுத்திய கிழமையே திரும்ப வந்துவிட்டது.

கழற்றி எறி என்று சொல்வது சுலபம். ஆனால் அது இல்லாமல் நான் நடக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். வெளிச்சமா, இரும்பா, வியர்வையா, எதனால் இது? கட்டிக்கொண்டே இதைச் சரியாக்க வழி இருக்கிறதா?

கல்முனைக் கடைக்காரன்:

அக்கா, கல்முனையில் போனும் மணிக்கூடும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். பச்சை வெளிச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள், அது சுடாது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைகிறது, திரும்பி வரும் வெளிச்சமும் அதோடு சேர்ந்து குறைந்து கூடும். அதை எண்ணித்தான் நாடித்துடிப்பைக் காட்டுகிறது.

வெளிச்சம் வேறு, பற்றரி சூடாவது வேறு. மணிக்கூட்டின் அடிப்பக்கம் கைக்குச் சுடுகிற மாதிரித் தெரிந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு சார்ஜும் போடக்கூடாது. ஃபிட்பிட் ஐயோனிக் என்ற மணிக்கூட்டை 2022இல் திருப்பி எடுத்தது பற்றரி சூடேறித் தோலைச் சுட்டதால்தான். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. சூடு பட்டால் ஆறு கிழமை காத்திருக்காது, அன்றைக்கே தெரியும்.

எங்கள் கடைக்கு வருகிற மணிக்கூடுகளைத் திருப்பிப் பார்த்தால் எனக்கே கை கூசும். கண்ணாடி வட்டமும் உலோகமும் சேருகிற விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். வியர்வை உப்பு, சவர்க்காரம், செத்த தோல், பவுடர் எல்லாம் சேர்ந்த ஊத்தை. அதைத் தோலோடு அமர்த்திக் கட்டி, மேலே வியர்வையும் விட்டால் எந்தக் கைதான் தாங்கும்? "தண்ணீர் போகாது என்று போட்டிருக்குத்தானே" என்று அதோடேயே குளிக்கிறார்கள். மணிக்கூட்டுக்குள் தண்ணீர் போகாதுதான். தோலுக்கும் மணிக்கூட்டுக்கும் நடுவில் போன சவர்க்கார நுரை எங்கே போகும்?

குளிக்கும்போது கழற்றுங்கள். நடந்து வந்ததும் கழற்றி நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தையும் பட்டியையும் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, கை நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். விளிம்பில் இருக்கிற ஊத்தைக்குப் பிள்ளைகளின் மெதுவான பல் தூரிகை போதும். இறுக்கமும் முக்கியம். நடக்கும்போது கொஞ்சம் இறுக்கலாம், வீட்டில் இருக்கும்போது ஒரு துளை தளர்த்திவிடுங்கள்.

ஒன்று கேட்கட்டுமா, அந்தப் பட்டி மணிக்கூட்டோடு வந்ததா, இங்கே வாங்கிப் போட்டதா? கொளுக்கி வெள்ளி மாதிரி மினுங்குகிறதா? மலிவுப் பட்டிகளின் கொளுக்கி என்ன உலோகம் என்று விற்கிற எங்களுக்கே தெரியாது. அதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

சம்மாந்துறை வயல்காரன்:

தங்கச்சி, எனக்கும் இதே கதைதான். ஐந்து நேரத் தொழுகைக்கு முன்னரும் ஒழு எடுக்கிறோம், கை முகம் எல்லாம் கழுவ வேண்டும். தண்ணீர் தோலில் படுவதற்கு மணிக்கூட்டை மேலே தள்ளிவிட்டு, கை ஈரமாக இருக்கும்போதே திரும்ப இழுத்துவிடுவேன். ஒரு நாளைக்கு ஐந்து தரம் ஈரத்தை மூடி வைத்தால் தோல் வெளிறி ஊறிப்போகிறது, பிறகு வெடிக்கிறது. இப்போது கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஒழு எடுத்து, துவாயால் துடைத்து, தொழுது முடித்துத்தான் கட்டுகிறேன். பத்து நாளில் ஆறிவிட்டது.

வயலுக்கு மருந்து அடிக்கப் போகிற நாளில் கட்டவே மாட்டேன். பட்டிக்கு அடியில் ஒரு துளி போய்விட்டால் கழுவுகிற வரைக்கும் அங்கேயே கிடந்து தோலைத் தின்னும். என் மச்சானுக்கு அப்படி நடந்து, அந்த இடம் மாசக் கணக்கில் கறுத்துக் கிடந்தது.

ஓய்வுபெற்ற தாதி:

பிள்ளை, தோல் நோய்ப் பிரிவில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் கையில் இருப்பது ஒரு வருத்தம் இல்லை, இரண்டு போலத் தெரிகிறது.

மணிக்கூட்டின் அடியில் வட்டமாகச் சிவந்திருப்பது பெரும்பாலும் ஈரமும் சவர்க்காரமும் உரசலும் செய்கிற வேலை. யாருக்கும் வரலாம். கல்முனைத் தம்பியும் சம்மாந்துறைத் தம்பியும் சொன்ன மாதிரி கழுவிக் காயவைத்தால் அது போய்விடும்.

கொளுக்கி படுகிற இடத்தில் நீர்க்கொப்புளம் போட்டு, நீர் கசிந்து, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறதே, அது ஒவ்வாமை மாதிரி இருக்கிறது. அதில் நான் முதலில் சந்தேகப்படுவது நிக்கலை. மலிவு உலோகங்களில் நிக்கல் கலந்திருக்கும், வியர்வை பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலுக்குள் போகும். பட்ட உடனேயே கடிக்காது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும், அதனால்தான் ஆட்கள் காரணத்தைப் பிடிக்கமாட்டார்கள்.

இரண்டு கேள்வி. சின்ன வயதில் கவரிங் தோடு போட்டுக் காது புண்ணானதா? முதுகில் உள்ளாடைக் கொக்கி படுகிற இடம் கடிப்பதுண்டா? கூச்சப்படாமல் சொல்லுங்கள், இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

பட்டியும் பசையும்கூடக் காரணமாகலாம். ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற கைப்பட்டியை 2014இல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம், கனடாவில் 28,000 என்று திருப்பி எடுத்தார்கள். தோல் எரிச்சல் என்று சுமார் 9,900 முறைப்பாடுகள் வந்திருந்தன, 250 பேர் அளவில் கொப்புளம் என்றார்கள். எவர்சில்வர் உறை, பட்டியில் இருக்கிற பொருட்கள், பாகங்களை ஒட்டுகிற பசை என்று மூன்றையும் காரணமாகச் சொன்னார்கள். ஆக உங்களுக்கு மட்டும் வந்த வினோதம் இல்லை இது.

இப்போது நான் கவலைப்படுகிற விஷயம். பாமசியில் தந்த கிறீமின் பெயரைப் பாருங்கள். மூன்று நாளில் மாறி, நிறுத்தியதும் திரும்பி வந்தால் அது ஸ்டீரொய்ட் கிறீமாக இருக்கலாம். ஒவ்வாமைக்கு டொக்டர்களும் அதைத்தான் தருவார்கள், ஆனால் எத்தனை நாள், எவ்வளவு என்று பார்த்துத் தருவார்கள். அது படை என்கிற பூஞ்சைத் தொற்றாக இருந்தால், அந்தக் கிறீம் சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே படையைப் பரவ விடும். பிறகு யார் பார்த்தாலும் அடையாளம் தெரியாத மாதிரி உருமாறிவிடும். எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் படை சுலபமாகப் பிடிக்கும், புண் ஆறவும் சுணங்கும். அதனால் வேப்பிலையோ மஞ்சளோ வெடித்த தோலில் வேண்டாம். நீர் கசிகிற இடம் முழுக்க ஆறுகிற வரைக்கும் அந்தக் கையில் எதையும் கட்டவேண்டாம். சூடு, வீக்கம், சீழ் ஏதாவது கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். அது இல்லாவிட்டாலும் தோல் கிளினிக்கில் ஒரு தரம் காட்டத்தான் வேண்டும். மணிக்கூட்டையும் அந்தக் கிறீம் டியூப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.

நாவற்குடாத் தையல்காரி:

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியை வாசித்ததும் மெசினை நிறுத்திவிட்டேன். முதுகில் அந்தக் கொக்கி படுகிற இடம் ஒவ்வொரு வெயில் காலமும் கடிக்கும். இத்தனை வருடமும் அதை வேர்க்குரு என்றே நினைத்து பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். காதும் அப்படித்தான். பதினைந்து வயதில் மாமாங்கத் திருவிழாவுக்குப் போட்ட கவரிங் தோடு, மூன்றாம் நாள் காதுச் சோணை தடித்து நீர் வடிந்தது. அம்மா தோட்டைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சி செருகிவிட்டார். அதற்குப் பிறகு தங்கம் தவிர வேறு போட்டதே இல்லை. ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கல்முனைத் தம்பி, பட்டி என் தம்பி அனுப்பியது இல்லை. அது கைக்குப் பெரிதாக இருந்தது என்று நகரில் ஒரு கடையில் வேறு வாங்கினேன். கொளுக்கி நல்லா மினுங்கும். அது மாற்றி ஆறு கிழமை. கணக்குச் சரியாக வருகிறது. மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன சாம்பல் பசை அப்படியே இருந்தது. அதில் துணியிலிருந்து வந்த நூல் தூசியும் ஒட்டியிருந்தது, நீலம், சிவப்பு என்று நிறம் தெரிகிற மாதிரி.

கிறீம் ஸ்டீரொய்ட்தான், டியூப்பில் பார்த்தேன். நிறுத்திவிட்டேன்.

நாவற்குடாத் தையல்காரி (மூன்று கிழமை கழித்து):

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். கிளினிக்கில் காட்டினேன். படை இல்லை என்றார்கள், அதுவே பெரிய ஆறுதல். கொளுக்கி இடத்தில் இருந்தது ஒவ்வாமை, நிக்கலாகத்தான் இருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். பூச வேறு மருந்து ஐந்து நாளைக்குத் தந்தார். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் முதுகில் மருந்துத் துண்டுகளை ஒட்டி 48 மணித்தியாலம் வைத்துப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறதாம், நாலாம் நாளும் போய்க் காட்ட வேண்டும், அதுவரை முதுகு நனையக்கூடாது. இந்த வெக்கையில் குளிக்காமலா என்று கேட்டேன். மழைக்காலம் தொடங்க வாருங்கள் என்றார். நிக்கல் ஒத்துக்கொள்ளாது என்றால் பிறகு வாழ்நாளுக்கும் ஒத்துக்கொள்ளாது, கவனமாக இருக்கச் சொன்னார்.

முதல் இரண்டு கிழமை மணிக்கூட்டைக் கையில் கட்டவில்லை. ஆனால் நடையை விடவில்லை. பருத்தித் துணியில் சின்னப் பை ஒன்று தைத்து, அதற்குள் போட்டுப் பாவாடை இடுப்பில் குத்திக்கொண்டேன். நாடித்துடிப்புக் காட்டாது, அடிக்கணக்கு ஓரளவுக்கு வந்தது. அதிர்வு இடுப்பில் வந்தது, பரவாயில்லை.

இப்போது பட்டியை நானே தைத்துவிட்டேன். உள்பக்கம் பல தரம் தோய்த்து மெதுவான பழைய வெள்ளைப் பருத்தி, வெளியே நல்ல அழுத்தமான துணி, கொளுக்கிக்குப் பதிலாக வெல்க்ரோ. வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் தோலில் படாமல் ஒரு விரல்கடை துணியை மடித்து அதற்கு மேலே விட்டிருக்கிறேன், தைக்கிறவர்கள் அதைக் கவனியுங்கள். முதலில் மறந்து, கையில் கீறிவிட்டது. நான்கு பட்டி இருக்கிறது. வியர்த்ததைக் கழற்றித் தோய்த்துப் போட்டுவிட்டு அடுத்ததைக் கட்டுவேன். இப்போது வலது கையில் கட்டுகிறேன், இடது கைக்கு இன்னும் ஒரு மாதம் ஓய்வு.

வட்டச் சிவப்பு முழுக்கப் போய்விட்டது. கொளுக்கி இடத்தில் கறுப்பு மட்டும் இருக்கிறது, கடி இல்லை. உள்ளாடைக் கொக்கிகளுக்கும் உள்ளே துணி வைத்துத் தைத்துவிட்டேன், முதுகும் கடிக்கவில்லை. இன்றைக்கு ஏழாயிரத்து இருநூறு அடி.

கல்முனைத் தம்பி, மணிக்கூட்டோடு பட்டி சேருகிற இடத்துக்கு உலோகம் இல்லாத ஊசி ஏதாவது உங்கள் கடையில் கிடைக்குமா? அது மட்டும்தான் மிச்சம். தோலில் படவில்லை, ஆனாலும் அதையும் மாற்றிவிட்டால் எனக்கு நிம்மதி.