பதிப்பகம் மூடிவிட்டது, என் புத்தகத்தின் உரிமை யாரிடம்?

பாளையங்கோட்டைக்காரன்:
என் சிறுகதைத் தொகுப்பைப் போட்ட சிறு பதிப்பகம் மூடிவிட்டது. நூலக ஆர்டர் பணம் வராமல் இழுத்தது, தாள் விலையும் ஏறியது, மனுசரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் விற்காத பிரதிகள் தச்சநல்லூரில் ஒரு குடோனில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, மழையில் கீழ்க்கட்டுகள் ஊறி அட்டையெல்லாம் உப்பிவிட்டது, பார்த்தால் வயிறு எரிகிறது. ஒப்பந்தத்தில் கால அளவே இல்லை. வேறு இடத்தில் மறுபதிப்பு கொண்டுவரலாமா?

தாமிரபரணி:
அண்ணாச்சி, கலங்காதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். அது முடிந்திருந்தால் உரிமை உங்களுடையதுதான். முடியாவிட்டால், உரிமையைத் திருப்பித் தருவதாக அவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள், ஆள் ஊரில் இருக்கும்போதே.

அச்சுக்கூடம்:
கடிதத்தோடு, பக்கங்களை வடிவமைத்த இன்டிசைன் கோப்பையும் கேளுங்கள். பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால் பிழை திருத்துவது பெரும்பாடு. அட்டை ஓவியருக்குத் தனி உரிமை இருக்கலாம், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புதுப் பதிப்பாளருக்குப் புது ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண், வேண்டும். நீங்களே போட்டாலும் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் கட்டணமில்லாமல் கிடைக்கும். முதலில் 50 பிரதி அடித்தால் போதும், இப்போது டிஜிட்டல் அச்சில் அது முடியும்.

மேலப்பாளையம்:
அதெல்லாம் சரி, முதலில் அந்தக் கட்டுகளைப் பலகை மேல் ஏற்றுங்கள். நல்ல பிரதிகளைக் கழிவு விலைக்கு நீங்களே வாங்கிவிடுங்கள் அண்ணாச்சி, எடைக்குப் போக விடாதீர்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:
நாளைக் காலையிலேயே போகிறேன், கடிதத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு.