பரியலின் 'அன்ட்ரூ' ஆல்பத்துக்கு ஏன் இவ்வளவு பாராட்டு?

நள்ளிரவு_வானொலி:
சிறந்த எலக்ட்ரானிக் ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் லண்டன் இசைக்கலைஞர் பரியலின் 'அன்ட்ரூ' (2007) வந்துவிடுகிறது. முழுசாகக் கேட்டேன். மழைச் சத்தம், இசைத்தட்டுக் கரகரப்பு, நறுக்கிப் போட்ட குரல்கள். சோகம் புரிகிறது, ஆனால் எல்லாமே கலங்கலாக ஒலிக்கிறது. விமர்சகர்கள் இதில் என்ன கண்டார்கள்? ஆள் முகம் காட்டாமல் இருந்ததால் வந்த பெயரா?

தெற்கு_வாசல்:
அதுவும் ஒரு காரணம்தான். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு இங்கிலாந்தில் தரப்படும் மெர்குரி பரிசின் 2008 இறுதிப் பட்டியலில் இது வந்ததும் இங்கிலாந்துப் பத்திரிகைகள் 'யார் இவர்' என்று துருவ ஆரம்பித்தன. ஆகஸ்டில் அவரே மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் தன் பெயர் வில்லியம் பெவன் என்று சொல்லிவிட்டார். பரிசு எல்போ குழுவுக்குப் போனது. அந்தப் பரபரப்பு இல்லையென்றால் இத்தனை பேர் தேடிக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

ஒலித்தச்சன்:
இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தப் பரபரப்புக்கெல்லாம் முன்பே, 2006-ல், அவருடைய முதல் ஆல்பத்தை 'தி வயர்' இசை இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்துவிட்டது.

எனக்கு விமர்சகர்களிடம் இருக்கும் குறை வேறு. தனிமை, இரவுப் பேருந்து, நனைந்த லண்டன் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். டிரம்ஸைப் பற்றிப் பலரும் போதுமான அளவு பேசவில்லை. நான் ஒலித்தொகுப்பு வேலை செய்கிறவன், என் காது முதலில் அங்கேதான் போகும். பரியல் இதைச் செய்தது சவுண்ட் ஃபோர்ஜில். அது ஒலிக்கோப்பை வெட்டி ஒட்டுகிற மென்பொருள். தாளத்தைக் கட்டத்துக்குள் தானாக உட்கார வைக்கும் சீக்வென்சரை அவர் பயன்படுத்தவில்லை. அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே ஒவ்வொரு அடியையும் வைத்திருக்கிறார். அதனால்தான் ஸ்னேர் (சுள்ளென்று அடிக்கும் டிரம்) ஒருமுறை இம்மி முந்துகிறது, ஒருமுறை பிந்துகிறது. நீங்கள் கலங்கல் என்கிறீர்களே, அதற்கு அடியில் ஒரு மனிதக் கை ஓடிக்கொண்டே இருக்கிறது.

குரலையும் கவனியுங்கள். 'ஆர்க்கேஞ்சல்' பாட்டில் வருவது ரே ஜே பாடிய ஓர் ஆர் அண்ட் பி பாட்டின் துண்டுகள். பரியல் சுருதியை ஏற்றி இறக்கி, ஆணா பெண்ணா என்றே தெரியாதபடி ஆக்கிவிட்டார். அண்ணன் சொன்ன ரேவ் (விடிய விடிய நடக்கும் எலக்ட்ரானிக் நடனக் கூட்டம்) கதைகளைக் கேட்டு வளர்ந்தவர், அந்தக் கூட்டங்களில் ஆடும் வயது வருவதற்குள் அந்தக் காலம் போய்விட்டது. ஆகவே இது அடிப்படையில் நடன இசை, கராஜ் என்கிற லண்டன் கிளப் இசை வகை. சோகம் அதன் மேல் படிந்தது. அதை வெறும் சோகப் பாட்டாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். 2017-ல் இசை விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் பிட்ச்ஃபோர்க் இசைத் தளத்தில் இதை இந்த நூற்றாண்டில் இதுவரை வந்த மிக முக்கியமான எலக்ட்ரானிக் ஆல்பம் என்று எழுதினார். எனக்கு அது மிகையாகப் படவில்லை.

நள்ளிரவு_வானொலி:
டிரம்ஸை நான் கவனிக்கவே இல்லை அண்ணா. சரி, மறுபடி கேட்டால் எதிலிருந்து தொடங்கலாம்?

ஒலித்தச்சன்:
'கோஸ்ட் ஹார்ட்வேர்'. நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் (அடித்தள ஒலி) வரவே வராது. முதலில் குரலை விட்டுவிட்டு ஸ்னேரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அப்புறம் 'ரேவர்'.