இங்கிலாந்துப் பள்ளியில் சமயப் பாடம்: பிள்ளையை விலக்காதீர்கள்

செப்டம்பரில் குடும்பத்தோடு இங்கிலாந்து போகிற கும்பகோணத்துத் தம்பி கேட்டிருந்தார்: "அங்கே தொடக்கப் பள்ளியிலேயே மத வகுப்பு உண்டாமே, பிள்ளை மனசை மாற்றிவிடுவார்களா?" ஒன்பது வருஷம் அங்கே மகளை வளர்த்துவிட்டு, இப்போது நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். என் பதில்: பயப்பட வேண்டாம்.

அந்தப் பாடத்தை ஆர்.ஈ. (ரிலிஜியஸ் எஜுகேஷன், அதாவது சமயக் கல்வி) என்பார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம் உண்டு. ஆனால் தேசியப் பாடத்திட்டத்தில் சேராது. பெரும்பாலும் அந்தந்தப் பகுதிக்கென்று தனிப் பாடத்திட்டம் வகுத்திருப்பார்கள். கிறிஸ்தவத்துக்கு இடம் அதிகம். இந்து, இஸ்லாம், சீக்கியம், பௌத்தம், யூதம் எல்லாமும் வரும். சர்ச் சார்ந்த சில பள்ளிகளில் மட்டும் அந்தச் சபையின் போதனைப்படி பாடம் நடக்கும். சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்துப் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டி நடத்தும் கூட்டு வழிபாட்டுக்கும் அதே உரிமை உண்டு. நானும் முதல் வருஷம் கடிதம் எழுதிக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கொடுக்க மனசு வரவில்லை. மற்ற பிள்ளைகள் கூடி உட்கார்ந்து கதை கேட்கும்போது என் பிள்ளை மட்டும் தனியாக வேறு வேலை செய்ய வேண்டுமா?

இரண்டாம் வகுப்பில் ஒருநாள், வண்ணம் பூசிய களிமண் விளக்கோடு வந்தாள். முகம் வாடியிருந்தது. "தீபாவளின்னா ராமர் அயோத்திக்குத் திரும்பி வந்த நாள்னு டீச்சர் சொன்னாங்க. நீ நரகாசுரன்னு சொன்னே. யாரும்மா பொய் சொல்றது?"

யாரும் பொய் சொல்லவில்லை, வடக்கே ஒரு கதை, நம் பக்கம் ஒரு கதை. ஆனால் ஆறு வயசுப் பிள்ளைக்கு அதைப் புரியவைக்க ஒரு ராத்திரி ஆயிற்று. மறுநாள் ஆசிரியையிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை, வகுப்புக்கே வந்து சொல்லச் சொன்னார். நல்லெண்ணெய்க் கிண்ணமும் சீயக்காய்த் தூளும் எடுத்துப் போனேன். விடியுமுன் பாட்டி தலையில் எண்ணெய் வைப்பதையும், குளித்து வந்ததும் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டுக்கொள்வதையும் சொன்னேன். முப்பது பிள்ளைகளும் வரிசையில் வந்து சீயக்காயை மோந்து பார்த்தார்கள். என் மகள்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டெல்டா பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் சுலபம். கிளம்பும் முன் ஒரு நாள் ஒதுக்கி, இவர்களை நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் கூட்டிப் போங்கள், இரண்டும் நாகைக்குப் பக்கம்தான். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்று காட்டுங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், நேரம் ஒத்துவந்தால் பார்க்கட்டும். பௌத்தம் பாடத்தில் வரும்போது சொல்ல நம்மிடம் ஒரு கதை இருக்கிறது: ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டினார், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். சைவ மன்னன் புத்தருக்கு ஊர் கொடுத்த கதையைச் சொன்னபோது அந்த ஆசிரியை குறிப்பெடுத்துக்கொண்டார்.

ஆடிப்பெருக்கு அங்கே பள்ளி விடுமுறையில் வந்துவிடும், வகுப்பில் காட்ட முடியாது. அதனால் இந்த வருஷம் காவிரிப் படித்துறையில் அம்மா மஞ்சள் கயிறு கட்டிவிடுவதையும், கலந்த சாதம் சாப்பிடுவதையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம், சீயக்காய்த் தூள் அரைக் கிலோ பெட்டியில் வைக்க மறக்காதீர்கள்.