கேலிப்பருக்குத் தமிழ்: பற்றியா, கொடுக்கா, கவ்வியா?

மண்டபத்திலிருந்து (ராமநாதபுரம் மாவட்டம்), வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம். திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டிய பாடக்குறிப்பு ஒன்று ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது.

மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த வாரம் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை, பேட் என்னும் தேய்கட்டைகளால் இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தும் பாகம்தான் கேலிப்பர்; பேடைத் தள்ளுவது அதற்குள் இருக்கும் பிஸ்டன். வெறும் படத்தை வைத்துச் சொன்னால் பையன்களுக்குத் தூக்கம் வருகிறது. அதனால் அமெரிக்காவில் வண்டிப் பித்தர்கள் பல வருடமாகச் செய்துவரும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். நிசான் 240எஸ்எக்ஸ் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அதன் முதல் தலைமுறை அங்கே 1989 முதல் 1994 வரை வந்தது. முன்சக்கரத்தில் ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பர். அதே கம்பெனியின் பெரிய கார் 300இசட்எக்ஸ். அதன் முன்பக்கம் நான்கு பிஸ்டன் கேலிப்பர், 280 மி.மீ. டிஸ்க். காயலான் கடையில் பெரியதைக் கழற்றிவந்து சின்னதில் மாட்டுகிறார்கள்.

அப்படியே மாட்டிவிடவும் முடியாது. சின்னதற்கு நான்கு போல்ட், பெரியதற்கு ஐந்து. ஒன்று டிஸ்க்கில் புதிதாகத் துளை போட வேண்டும், இல்லை சக்கரம் பொருந்தும் நடுப்பாகமான ஹப்பையே மாற்ற வேண்டும். சக்கரமும் பெரிதாக வேண்டும், இல்லையென்றால் கேலிப்பர் ரிம்மில் இடிக்கும். இதையெல்லாம் நான்கு பக்கம் எழுதி ஒரு மாணவனிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். நான் கேலிப்பர் என்று எழுதிய இடத்திலெல்லாம் அவன் ‘அளவி’ என்று மாற்றிவிட்டான். வெர்னியர் கேலிப்பரை ‘வெர்னியர் அளவி’ என்று பாடநூலில் படித்த பையன், அவன்மேல் தப்பில்லை. ஆனால் வகுப்பில் இன்னொருவன் எழுந்து, “சார், இது எதை அளக்கும், வேகத்தையா?” என்று கேட்டான்.

அளக்காத ஒன்றுக்கு அளவி என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. உதவுங்கள்.

தொண்டியிலிருந்து, சனி காலை

தம்பிக்கு வணக்கம். பிரேக்கை முதலில் ‘தடை’ என்று வையுங்கள். தடு என்னும் வினையில் பிறந்த நல்ல பெயர். கேலிப்பர் சுழலும் வட்டைப் பற்றி நிறுத்துகிறது, ஆகவே ‘தடைப்பற்றி’. விசிறுவது விசிறி, மூடுவது மூடி, பற்றுவது பற்றி. பொற்கொல்லர் கையில் உள்ள பற்றுக்குறட்டிலும் இதே வினைதான் இருக்கிறது. நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் சொல்கிறேன், இதைவிட இயல்பான ஆக்கம் கிடைக்காது.

தேவிபட்டினம் பட்டறையிலிருந்து, சனி காலை

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘தடைப்பற்றி கழற்றும் முறை’ என்று எழுதினால் என்னிடம் வேலை பழகும் பையன் தடையைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறது என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விடுவான். எங்களுக்குக் கேலிப்பர் கேலிப்பர்தான். டிஸ்க், பேட், கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் என்றால் இந்த ஜில்லாவில் எந்தப் பட்டறையிலும் சாமான் கையில் வந்துவிடும். வேறு பேர் சொன்னால் கடைக்காரன் என் முகத்தைத்தான் பார்ப்பான்.

தொண்டியிலிருந்து, சனி முற்பகல்

‘தடை பற்றி’ வேறு, ‘தடைப்பற்றி’ வேறு. முன்னதில் ஐ தொக்கி நிற்கிறது, அங்கே ஒற்று மிகாது. பின்னது தொகைச்சொல், மிகும். நம் மொழியில் ஒற்று எதற்கு இருக்கிறது, இந்தக் குழப்பம் வராமல் காக்கத்தானே?

தேவிபட்டினம் பட்டறையிலிருந்து

சுவரில் ஒட்டிய பத்தாம் நாள் கிரீஸ் கை பட்டு எழுத்தே பாதிதான் தெரியும் ஐயா. ஒரு புள்ளியை நம்பி ஒரு சொல்லை விடாதீர்கள். நான் சொல்வது பிரேக் சமாச்சாரம். தப்பாகப் படித்தால் வண்டி நிற்காது.

பாம்பனிலிருந்து, சனி மதியம்

ஐயாவுக்கு வணக்கம். ‘தடை’ என்ற சொல்லில் எனக்கு வேறு ஒரு சங்கடம். எங்கள் கரையில் தடை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது. ‘தடையை மேம்படுத்துவது எப்படி’ என்று தலைப்புப் போட்டால் நாட்களைக் கூட்டிவிட்டார்கள் என்றுதான் எங்கள் தெருவில் படிப்பார்கள்.

நான் சொல்ல வந்தது கொடுக்கு. எங்கள் வீட்டில் நண்டுவலை. விடிகாலையில் வலையிலிருந்து நீலக்கால் நண்டைப் பிரிப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. ஓட்டின் பின்பக்கம் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்துப் பிடித்துக்கொண்டு நூலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அப்போது கொடுக்கை நன்றாகப் பார்க்கலாம். அதில் இரண்டு விரல். ஒன்று காலோடு சேர்ந்தது, அசையாது. மற்றது மட்டும்தான் வந்து மூடும். சார் படத்தில் வைத்திருக்கும் ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. ஒரு பக்கம் தள்ளுகிறது, இன்னொரு பக்கம் சும்மா நிற்கிறது. ‘பிரேக் கொடுக்கு’ என்றால் மூக்கையூர் முதல் தொண்டி வரை விளக்கம் தேவைப்படாது.

மண்டபத்திலிருந்து, சனி மாலை

பாம்பன் சகோதரி சொன்ன உவமையை இன்றே வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அதிலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரின் மறுபக்கம் சும்மா நிற்பதில்லை. பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கில் அழுத்தியதும் கேலிப்பர் உடம்பே ‘பின்’ என்னும் இரண்டு கம்பிகளின் மேல் சறுக்கி வந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அழுத்துகிறது. சறுக்கல் நின்றால்தான் அது நண்டுக்கொடுக்கு ஆகும், அப்போது அது பழுதான கேலிப்பர்.

நம் பக்கத்து உப்புக்காற்றில் அது அடிக்கடி நடக்கிறது. என் மேசையில் இப்போது ஒன்று கிடக்கிறது. ரப்பர் உறை கிழிந்து பின்னில் துரு ஏறி இறுகிவிட்டது. வெளிப்பேட் புதிது போல இருக்கிறது. உள்பேடில் கட்டை முழுக்கத் தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கில் வளையம் வளையமாகக் கோடு கிழித்திருக்கிறது.

நான்கு பிஸ்டன் வகை சறுக்காது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, உடம்பு அசையவே அசையாது. எனவே எனக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல. இரண்டு வகைக்கும் பொதுவான பெயர் ஒன்று, அதன்மேல் அடைமொழி இரண்டு. கணக்கிலும் இது முக்கியம். 54 மி.மீ. ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு 22.9 சதுர செ.மீ. 40 மி.மீ. பிஸ்டன் நான்கு என்றால் மொத்தம் 50.3. பையன்கள் உடனே “இரண்டு மடங்குக்கு மேல் பலம் சார்” என்கிறார்கள். இல்லை. ஒற்றைப் பிஸ்டனே சறுக்கலால் இரண்டு பக்கமும் அழுத்திவிடுகிறது, அதனால் அதோடு ஒப்பிட நான்கு பிஸ்டனிலும் ஒரு பக்கத்தை மட்டும்தான் எண்ண வேண்டும், 25.1. கிடைப்பது ஒரு பங்கில் பத்தில் ஒன்று போலத்தான் கூடுதல். மிச்ச லாபம் டிஸ்க் பெரிதானதால் வரும் நெம்புகோல் நீளத்திலும், அது தாங்கும் சூட்டிலும் இருக்கிறது. வகைப் பெயர் தெளிவாக இல்லையென்றால் இந்தக் கணக்கு பையன்களுக்குப் புரியவே போவதில்லை.

கீழக்கரையிலிருந்து, சனி இரவு

கேலிப்பர் என்ற சொல்லையே தள்ளிவிட வேண்டுமா என்று கேட்கிறேன். அது ‘காலிபர்’ என்பதன் இன்னொரு வடிவம். காலிபர் அரபியின் ‘காலிப்’ என்ற சொல்லிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. காலிப் என்றால் வார்ப்பு அச்சு. அரபிக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். அங்கே அது செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் மரக் கால் அச்சு. மரம், பாதம் என்ற இரண்டு சொல் சேர்ந்தது. டிரம் பிரேக்கில் இருப்பதற்கு ஷூ என்று பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது, ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தமிழை அரபி எழுத்தில், அரபுத்தமிழாக, எழுதிப் படித்த ஊர் எங்களுடையது. கப்பலில் வந்த சொல்லைக் கரையிலேயே நிறுத்திவைக்கும் பழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. தமிழில் ‘காலிப்பு’ என்று எழுதினால் என்ன?

அது முடியாது என்றால் ‘கவ்வி’ என்று வையுங்கள். சின்னச் சொல். பற்றி போல வேறு எதோடும் மோதாது.

தொண்டியிலிருந்து, சனி நள்ளிரவு

காலிப்பு வேண்டாம் அம்மா, ‘காலி’யோடு மோதும். பிரேக் காலி என்று படிப்பார்கள்.

கவ்வியை யோசித்தேன். கவை, கவடு, கவட்டை, கவண், கவ்வு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். இரண்டாகப் பிரிவதும் பிரிந்தவற்றுக்கு நடுவில் ஒன்றைப் பிடிப்பதும் அந்த வேரின் பொருள். உழவர் கையிலுள்ள கவைக்கோலும் சிறுவர் கவட்டைவில்லும் அதிலிருந்து வந்தவைதான். சங்கப் பாடல்கள் அலவன் என்றும் ஞெண்டு என்றும் சொல்லும் நண்டின் காலும் கவைத்த கால்தான். (ஞெண்டு எப்படி நண்டானது என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன், அது சுவையான கதை.) இவ்வளவு இருந்தும் கவ்வுதல் வாயின் தொழில். நாய் கவ்வும், மீன் இரையைக் கவ்வும். வாயில்லாத இரும்பு எப்படிக் கவ்வும்?

பாம்பனிலிருந்து, ஞாயிறு காலை

ஐயா, கொடுக்கில் விரல் மாட்டிக்கொண்டால் நாங்கள் ‘நண்டு கடித்துவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். வாயால் கடித்தது என்று இதுவரை யாரும் நினைத்ததில்லை. என் கொடுக்கை விட்டுக்கொடுக்கிறேன். கவ்வி சரி.

தேவிபட்டினம் பட்டறையிலிருந்து, ஞாயிறு காலை

கவ்வி வாயில் வருகிறது. கேலிப்பரையும் சேர்த்துப் போடுங்கள், அது போதும். ஆனால் சார், அடுத்த வண்டிச் சாமானைக் கொண்டுவந்து போடுவதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? முதல் மடலில் சுற்றி வளைத்து எழுதியிருந்தீர்கள். இங்கே லாரி எஞ்சினைப் படகில் ஏற்றிய காலத்திலிருந்து இந்த வேலை நடக்கிறது. ஒரே கம்பெனியின் அண்ணன் வண்டியிலிருந்து தம்பி வண்டிக்கு வந்தால் நான் அதைப் ‘பங்காளிச் சாமான்’ என்பேன். வேறு கம்பெனி என்றால் சம்பந்தி. பங்காளிச் சாமான் சண்டை போட்டாலும் எங்காவது ஒரு போல்ட் ஒத்துவரும்.

கீழக்கரையிலிருந்து

பங்காளி ரொம்ப அழகு. அப்படியே போடலாம்.

தொண்டியிலிருந்து

எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் பாடக்குறிப்பில் கூடாது. முன்பிரேக்கும் பின்பிரேக்கும் வேலையைப் பிரித்துக்கொள்வதற்குத் தம்பி ‘பங்கு’ என்று எழுதப்போகிறார். பங்கும் பங்காளியும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவன் பின்பிரேக்கைத்தான் பங்காளி என்று கொள்வான். ‘பிறவண்டி உறுப்பு’ என்று வையுங்கள்.

மண்டபத்திலிருந்து, ஞாயிறு மதியம்

ஐயா சொல்வதுதான் சரி, மறுக்க முடியவில்லை. முன்பக்கம் மட்டும் பெரிய பிரேக் வைத்தால் பின்பக்கத்தின் பங்கு குறையும் என்று மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். ‘வேறு வண்டிப் பாகம்’ என்று போடுகிறேன். பங்காளியை வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

தேவிபட்டினம் அண்ணன் போனில் கேட்டது: நம் ஊரில் மலை ஏது, இவ்வளவு பெரிய பிரேக் எதற்கு? நியாயமான கேள்வி. ஒரு தடவை வண்டியை நிறுத்த, டயருக்கு ரோட்டில் இருக்கும் பிடிதான் எல்லை. பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் என்றால் புதியது தூரத்தைப் பெரிதாகக் குறைக்காது. பந்தயத் தடத்தில் மறுபடி மறுபடி அழுத்தும்போது சூடேறி பிடி விட்டுப்போகாமல் இருக்கத்தான் பெரிய டிஸ்க். ஆகவே செய்து பார்க்கச் சொல்லி இந்தப் பாடத்தை எழுதவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் கட்டுப்பாடு உண்டு என்பதையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

இப்போது வகைப் பெயர்கள். நிலையாக நிற்பது ‘நிலைக்கவ்வி’. சறுக்குவது ‘நகர்க்கவ்வி’. சரிதானே?

தொண்டியிலிருந்து

க் வராது. ஊறுகாய், சுடுசோறு போல ‘நகர்கவ்வி’ வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நிலைக்கவ்வியில் மிகும். இதையாவது திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

மண்டபத்திலிருந்து, ஞாயிறு இரவு

திருத்திவிட்டேன் ஐயா. தலைப்பில் பிரேக் பிரேக்காகவே இருக்கிறது. முதல் இடத்தில் ‘கேலிப்பர் என்னும் கவ்வி’, பிறகு கவ்வி மட்டும். பட்டறைச் சுவருக்கான ஒரு பக்கத் தாளில் எல்லா இடத்திலும் கேலிப்பர். தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை மூவரும் சரி என்றார்கள். நாளை காலை எட்டு மணிக்கு அச்சகம் திறக்கும்.

தொண்டியிலிருந்து, திங்கள் அதிகாலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் பிரேக்கைத் தமிழாக்காமல் அதன் உறுப்பை மட்டும் தமிழாக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் ‘நிறுத்தி’ என்ற சொல்லைப் பற்றி எழுதுகிறேன், அதில் பாம்பன் மகள் சொன்ன 61 நாள் சிக்கலும் இல்லை. டிஸ்க்கை வட்டு என்று போட்டீர்களா, தட்டு என்று போட்டீர்களா? மடலில் அதைச் சொல்லவே இல்லையே.