பாரோமீட்டர் மட்டும் வைத்து மேல்காற்றை எப்படிச் சொல்கிறார்கள்?

மழைப்பித்தன்:
1964 டிசம்பர் 22-23 தனுஷ்கோடிப் புயலைப் பார்க்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டு ரீஅனாலிசிஸின் (பழைய பதிவுகளைக் கணினி வானிலை மாதிரியில் செலுத்தி அன்றைய வானிலையை மறுபடி கட்டியெழுப்பும் தரவு) மூன்றாம் பதிப்பை இறக்கினேன். கடல் வெப்பநிலை, கடல்பனி மாதிரியானவற்றைத் தவிர அதற்குள் போகும் வானிலைப் பதிவு தரைமட்ட அழுத்தம் மட்டும்தான். பலூன் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. ஆனால் ஐந்தரை கிலோமீட்டர் உயரத்துக் காற்றையும் தருகிறார்கள், அதுவும் 1836 வரைக்கும்! எப்படி நம்புவது? அப்புறம், ஊரையே அழித்த புயல் என் வரைபடத்தில் ஏதோ சாதாரணத் தாழ்வு மாதிரி தெரிகிறதே, ஏன்?

வாடைக்காற்று:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அங்கே ஓடுவது ஒரு கணிப்பு இல்லை, கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான 80 கணிப்புகள். திருகோணமலையில் அழுத்தம் குறைகிற கணிப்புகளில் எல்லாம் மேல்காற்றும் ஒரே மாதிரி திரும்பினால், அந்த உறவை அந்த 80-ஐ வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். பாரோமீட்டர் கணிப்பைவிட 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைவாகக் காட்டினால் அழுத்தத்தோடு மேல்காற்றும் திருத்தப்படும். ஆய்வாளர் எவென்சன் 1994-இல் முன்வைத்த என்செம்பிள் கால்மன் ஃபில்டர் என்ற திருத்தும் முறையின் சாரம் இதுதான். உறவு அன்றன்றைய வானிலைக்குத் தகுந்தபடி மாறும், எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் ஒன்று, பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் அழுத்தத்துக்கும் காற்றுக்கும் பிடிப்பு குறைவு, ஐரோப்பாவில் நம்புகிற அளவுக்கு இங்கே நம்பாதீர்கள்.

மழைப்பித்தன்:
சரி, அப்படியென்றால் மன்னார் அழுத்தம் சைபீரியாவையும் திருத்திவிடாதா?

வாடைக்காற்று:
திருத்தும், விட்டால். 80 என்பது ரொம்பக் குறைவு, தற்செயலான உறவுகள் நிறைய வரும். அதனால் தூரம் போகப்போக உறவைக் குறைத்து, கடைசியில் பூஜ்யம் ஆக்கிவிடுவார்கள்.

உப்புக்காற்று:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு, புயல் ஏன் சாதாரணமாகத் தெரிகிறது என்பதற்கு, நான் சொல்கிறேன்: நீங்கள் திறந்தது 80 கணிப்புகளின் சராசரிக் கோப்பு என்று பந்தயம் கட்டுகிறேன். ஒரு கணிப்பில் புயல் மையம் தொண்டிப் பக்கம், இன்னொன்றில் மன்னார்ப் பக்கம் என்று இருந்தால் சராசரி எடுத்ததும் அழுத்தப் பள்ளம் தூர்ந்துபோகும். 80-லும் தனித்தனியாக மையத்தைக் கண்டுபிடியுங்கள். அப்போதும் வரைபடத்தின் ஒரு கட்டம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர், கண்சுவர் (புயலின் கண்ணைச் சுற்றிய வலுவான மேக வளையம்) எல்லாம் கிடைக்காது. நானும் சராசரியை வைத்து "நூறு வருடத்தில் புயல்கள் வலுத்துவிட்டன" என்று எழுதிவிட்டு அசடு வழிந்தவன்தான். வலுத்தது புயல் இல்லை. பதிவுகள் பெருகப்பெருகக் கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக ஆரம்பித்தன, அவ்வளவுதான். அதனால் முதலில் சிதறல் கோப்பை, அதாவது 80-உம் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டுவதை, திறந்து பாருங்கள்.

மழைப்பித்தன்:
பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், சராசரிதான். டிஸ்க்கில் இடம் இல்லை, கடல்மட்ட அழுத்தம் மட்டும் 80-க்கும் எடுத்துப் பார்க்கிறேன்.