முதல் வெளிநாட்டுப் பயணம் சிங்கப்பூர், மலேசியா: பேக்கேஜில் போவதா, நாமே ஏற்பாடு செய்துகொள்வதா?

கரூர்மலர்

வணக்கம். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வெளிநாடு போனதில்லை. ஏப்ரல் கடைசியில் மகனுக்குப் பரீட்சை முடிந்ததும் சிங்கப்பூர், மலேசியா இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று பேச்சு. மொத்தம் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், மூன்றாவது படிக்கும் மகன், மாமனார், மாமியார். மாமனாருக்கு 66 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். மாமியாருக்கு முழங்கால் வலி. அதோடு சுத்த சைவம், முட்டை வாசனைகூட ஆகாது.

திருச்சியில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தோம். ஐந்து இரவு, ஆறு நாள். விமானம், ஹோட்டல், வீசா, காலை இரவு சாப்பாடு, சுற்றிக் காட்டுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 80,000-க்கு மேல் சொல்கிறார்கள். நாற்பது பேர் குழு, தமிழ் பேசும் டூர் மேனேஜர் கூடவே வருவாராம். வீட்டுக்காரர், "இதுக்கு எதுக்கு இவ்வளவு? எல்லாத்தையும் போனிலேயே புக் பண்ணிடலாம், எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்கிறார். அப்படிப் போனவர்கள் எல்லாம் கல்யாணம் ஆகாத பையன்கள் என்பதை அவர் சொல்வதில்லை.

என் பயம் இதுதான்: இமிகிரேஷனில் ஏதாவது கேட்டால் தடையில்லாமல் இங்கிலீஷில் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வராது, வழி தெரியாமல் மாமியாரை ரயில், பஸ் என்று இழுத்தடித்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். இன்னொன்று, மாமனார் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. அது சிக்கலா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

சேலத்து ஊர்சுற்றி

பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் பேக்கேஜ் எடுங்கள் சகோதரி. நாங்கள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதே ஊர்களுக்குக் குழுவில்தான் போனோம். விமான நிலையத்தில் படிவம் எழுதுவதிலிருந்து பெட்டியை பஸ்ஸில் ஏற்றுவதுவரை எதற்கும் நாங்கள் அலையவில்லை. அம்மாவுக்கு இரண்டாவது நாளே அவர் வயதில் நாலு பேர் சிநேகிதம் ஆகிவிட்டார்கள், எங்களைத் தேடவே இல்லை. இது எந்த விளம்பரத்திலும் வராது, ஆனால் பெரியவர்களுக்கு இதுதான் பாதி சந்தோஷம்.

இடைஞ்சலும் உண்டு, மறைக்கவில்லை. காலை ஏழரைக்கு லாபியில் நிற்க வேண்டும். நாற்பது பேரில் தினம் ஒரு குடும்பம் தாமதமாக வரும், மற்ற எல்லோரும் பஸ்ஸில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சாக்லேட் கடை, வாட்ச் கடை என்று கொண்டுபோய் இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், இரட்டைக் கோபுரத்துக்கு வந்தால் இருபது நிமிடம், போட்டோ எடுத்துவிட்டு ஏறு என்பார்கள். அதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டால் சரி.

---

பீஷான்வாசி

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைச் சுற்றிக் காட்டிக் காட்டி எனக்கு இது பாதி வேலையாகவே ஆகிவிட்டது, அந்த உரிமையில் சொல்கிறேன்: சிங்கப்பூருக்கு கைடு தேவையில்லை. தமிழ் இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையங்கள் எல்லாவற்றிலும் லிப்ட் இருக்கிறது, மாமியார் படி ஏற வேண்டியதில்லை. இமிகிரேஷன் பயத்தை முதலில் விடுங்கள் அக்கா. சாங்கி விமான நிலையத்தில் இப்போது வெளிநாட்டுப் பயணிகளும் பெரும்பாலும் தானியங்கிக் கதவு வழியாகத்தான் போகிறார்கள், பாஸ்போர்ட்டை வைத்து, முகத்தைக் காட்டினால் முடிந்தது. கேள்வி கேட்பதெல்லாம் திருச்சியில் கிளம்பும்போதுதான், அங்கே தமிழிலேயே பதில் சொல்லலாம்.

செய்ய வேண்டியது இரண்டு. வீசா: இந்தியர்களுக்குக் கட்டாயம், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் போடலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் தன் கூலியை அதற்கு மேல் போடுவார். பேக்கேஜ் எடுக்காவிட்டாலும் வீசாவை மட்டும் அவர்களிடம் கொடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அடுத்து, வருகை அட்டை. இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். கூகுளில் தேடினால் மேலே வரும் சில தளங்கள் அதற்குப் பணம் கேட்கும், அரசுத் தளம் தவிர வேறெதிலும் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

ஐந்து பேர் என்பதுதான் இங்கே உண்மையான தலைவலி, அதை உங்கள் வீட்டுக்காரரும் யோசித்திருக்க மாட்டார். சாதாரண டாக்சியில் நாலு பேர்தான் ஏறலாம். ஐந்தாவது ஆளுக்கு இன்னொரு டாக்சி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு பேர் ஏறும் பெரிய வண்டியை ஆப்பில் பிடிக்க வேண்டும், அது விலை கூட. ரயிலில் வங்கி கார்டைத் தட்டியே போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான், ஒரே கார்டை ஐந்து தடவை தட்ட முடியாது. இறங்கியதும் ஸ்டேஷனில் ஈஸி-லிங்க் என்ற பயண கார்டு வாங்கிப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புவதற்கு முன் ஆப்பில் திறந்து வையுங்கள், இந்தியாவில் அது மூடியேதான் இருக்கும்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம் பாருங்கள். அறை சின்னதாக இருக்கும், ஆனால் காலையில் கீழே இறங்கினால் இட்லி. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947-இலிருந்து இருக்கிறது, முழுச் சைவம். வீரமாகாளியம்மன் கோவில் நடக்கும் தூரம். ஏப்ரல், மே மாதம் இங்கே புழுக்கம் தாங்காது, மத்தியானம் அறைக்கு வந்து பெரியவர்கள் ஒரு தூக்கம் போட்டுவிட்டு சாயங்காலம் ஐந்துக்குமேல் திரும்பக் கிளம்புவதுதான் சரியாக வரும். குழுவில் போனால் அந்தத் தூக்கம் கிடைக்காது. கார்டன்ஸ் பை த பே மர விளக்குக் காட்சி இரவு 7.45, 8.45 இரண்டு முறை, காசு இல்லை. அதையே பேக்கேஜ் பட்டியலில் ஒரு பெரிய ஐட்டமாகப் போட்டிருப்பார்கள், பாருங்கள்!

---

டிக்கெட்மேசை

நான் டிராவல்ஸில் வேலை பார்ப்பவன், அதனால் பேக்கேஜுக்குத்தான் பேசுவேன் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு வந்த கொட்டேஷனை வைத்துக்கொண்டு சில கேள்விகள் கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஹோட்டல் பெயரை எழுதிக் கேளுங்கள். "அல்லது அதற்கு இணையானது" என்று போட்டிருந்தால் கடைசி வாரம் எங்கே வேண்டுமானாலும் மாறும். விலை ட்வின் ஷேரிங் (ஒரு அறைக்கு இரண்டு பேர்) கணக்கில்தான் இருக்கும், நீங்கள் ஐந்து பேர், பையனுக்குத் தனிப் படுக்கை உண்டா இல்லையா என்பதை இப்போதே பேசிவிடுங்கள். வண்டி எஸ்.ஐ.சி.யா, பிரைவேட்டா என்று கேளுங்கள். எஸ்.ஐ.சி. என்றால் பொது கோச்சில் உங்களுக்கு சீட் மட்டும், ஒவ்வொரு ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றும், அது காத்திருக்காது. வீசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள்? இதைக் கேட்க எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள்.

பேக்கேஜ் விலைக்கு மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கும் மேல் டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடித்துவைக்கும் வருமான வரி) வரும். டி.சி.எஸ். விகிதத்தை பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாற்றுகிறார்கள், புக் செய்யும் அன்று என்ன என்று பாருங்கள். அது செலவு இல்லை, யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். கணக்குத் தாக்கல் செய்யாத மாமனார் பெயரில் பில் போட்டுவிட்டு அப்புறம் அலையாதீர்கள். விமான டிக்கெட்டை மட்டும் ஒரு இடத்தில், ஹோட்டலை மட்டும் வேறு இடத்தில் வாங்கினால் அது டூர் பேக்கேஜ் கணக்கில் வராது.

முக்கியமான கேள்வி ஒன்று: சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் எப்படிப் போகிறார்கள்? பெரும்பாலான குழு பஸ்ஸில்தான் போகும். ஐந்து ஆறு மணி நேரம், எல்லையில் இரண்டு பக்கமும் இறங்கி ஏற வேண்டும், மலேசியப் பக்கம் பெட்டிகளையும் இறக்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அந்த ஒரு நாள்தான் பயணத்திலேயே மோசமான நாள். விமானத்தில் ஒரு மணி நேரம். அதற்கு எவ்வளவு கூடும் என்று கேளுங்கள், நான் என் வாடிக்கையாளர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

சர்நேம் விஷயம். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது, இந்த இரண்டு நாட்டுக்கும் அது தடையில்லை. துபாய்ப் பக்கம்தான் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வீசாவுக்குச் சிக்கல். டிக்கெட் படிவத்தில் சர்நேம் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிலர் அதே பெயரைத் திரும்பப் போடச் சொல்வார்கள். பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடமே கேளுங்கள், அப்புறம் திருத்தக் காசு. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி ஆக வேண்டும், பையனுடையதை முதலில் பாருங்கள், குழந்தைகளுக்கு ஐந்து வருடம்தான்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள்வரை வீசா வேண்டாம், 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள், அதற்குப் பிந்தைய தேதி என்றால் புதிதாக விசாரியுங்கள். அங்கேயும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு, அதுவும் இலவசம்.

---

குறிஞ்சிக்காரன்

ஆறு நாளில் இரண்டு நாடு எதற்கு? ஒரு நாள் வர, ஒரு நாள் போக, ஒரு நாள் எல்லையில். மிச்சம் மூன்று நாளில் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும்தான். ஒன்றைப் பிடியுங்கள். மலேசியா மட்டும் போனால் வீசா செலவும் இல்லை, அறை பெரிது, சாப்பாடு மலிவு. பேக்கேஜ்காரர்கள் "இரண்டு நாடு" என்று போடுவதே போஸ்டரில் நன்றாக இருக்கும் என்பதற்காகத்தான்.

---

சேலத்து ஊர்சுற்றி

@குறிஞ்சிக்காரன், சொல்வது நியாயம்தான், ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கு "சிங்கப்பூர் போய்ட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டும், கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலை முருகனையும் பார்க்க வேண்டும். இரண்டில் எதை வெட்டுவது? இந்த வயதில் இன்னொரு முறை கிளம்புவார்களா என்பதும் தெரியாது. ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளட்டும்.

---

டிக்கெட்மேசை

பத்துமலைக்கு 272 படி, லிப்ட் இல்லை. மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 140 அடி முருகன் சிலை கீழேயே இருக்கிறது, அங்கேயே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். குரங்கு பையைப் பிடுங்கும், பிரசாதத்தைக் கையில் தொங்கவிடக் கூடாது.

என் கணக்கில் உங்கள் குடும்பத்துக்குக் குழுவும் வேண்டாம், முழுக்க நீங்களே போட்டுக்கொள்வதும் வேண்டாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருப்பதால் சிங்கப்பூரில் இறங்கி, கோலாலம்பூரிலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், வந்த வழியே திரும்ப வேண்டாம். சிங்கப்பூர் நாட்கள் உங்கள் கையில். கோலாலம்பூரில் மட்டும் டிரைவரோடு ஒரு வேனை இரண்டு நாளைக்குப் பேசிவிடுங்கள், பத்துமலை, கெந்திங் மலை இரண்டும் அதில் அடங்கிவிடும். ரயில் இல்லாமல் இல்லை, கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கே ரயில் போகிறது, ஆனால் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் மெதுவாக நடப்பவர்கள் என்றால் வேன்தான். தமிழ் டிரைவர் வேண்டும் என்று கேட்டால் அங்கே கிடைப்பது கஷ்டமில்லை. திரும்பும் டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பாருங்கள், ஏர்ஏசியா டெர்மினல் 2.

---

கரூர்மலர்

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டினேன், ஐந்து பேருக்கு ஒரு டாக்சி பத்தாது என்ற இடத்தில் ஆள் அமைதியாகிவிட்டார். ஒரு நாளைக் கூட்டி, டிக்கெட்மேசை அண்ணன் சொன்ன மாதிரியே போகலாம் என்று இருக்கிறோம். மாமியாருக்கு மட்டும் குழுவில் போனால் பேச்சுத்துணை இருக்குமே என்று குறை, பரவாயில்லை, பேரன் இருக்கிறான்.

இன்னும் ஒரே சந்தேகம். இன்சுலினைக் கையில் கொண்டுபோக விடுவார்களா? மாமனார் வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலையும் போடுவார், அதை என்ன செய்வது?

---

பீஷான்வாசி

இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் மெஷின் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டு அது தொலைந்தால் திண்டாட்டம், சரக்கறைக் குளிரில் உறைந்தாலும் மருந்து வீண். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே எழுதி வாங்குங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எடுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அளவைப் பொறுத்து அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டிவரும். பட்ஜெட் விமானத்தில் சாப்பாடு காசுக்குத்தான், ஊசி போட்டுவிட்டுப் பசியோடு உட்கார வேண்டாம், டிக்கெட்டோடு சைவச் சாப்பாட்டையும் வீல்சேரையும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.

புகையிலை வேண்டவே வேண்டாம் அக்கா. மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை, சூயிங்கமும் அப்படித்தான். மாமனார் சட்டைப்பையை, வேட்டி மடிப்பை எல்லாம் திருச்சியிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.