வர்ஜீனியா டியூஐ: எஸ்ஆர்-22 அனுப்பியும் டிஎம்வி ஏத்துக்கலை. பையன் கடற்படையில். உதவி தேவை

ஹூஸ்டன் அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். கேட்கவே கூச்சமா இருக்கு, ஆனா தெரிஞ்சவங்ககிட்ட கேட்க மனசு வரலை. என் பையன் அமெரிக்கக் கடற்படையில், நார்ஃபோக் தளத்தில் இருக்கான். 2024ல் ஒரு ராத்திரி குடிச்சிட்டு ஓட்டி (அதான் டியூஐ) பிடிபட்டான். யார் மேலயும் மோதலை, அந்த மட்டுக்கும் கடவுள் புண்ணியம். அபராதம், வர்ஜீனியாவில் ஒரு வருஷம் ஓட்டத் தடை, வாசாப் (குடிச்சிட்டு ஓட்டினவங்களுக்கான வர்ஜீனியா திட்டம்) வகுப்பு எல்லாம் முடிஞ்சது. தளத்துக்குள்ள ஓட்டவும் தனியா ஒரு வருஷம் தடை இருந்தது.

இப்போ லைசென்ஸ் கொடுக்கிற வர்ஜீனியா டிஎம்வி அலுவலகம் "இன்சூரன்ஸ் சான்று வரவில்லை"ன்னு திருப்பி அனுப்புது. கார் என் பேர்ல, டெக்சஸ் குடும்பப் பாலிசி, காப்பீட்டுத் தொகை 30/60/25 (ஆயிரம் டாலரில்). எங்க ஏஜென்ட் எஸ்ஆர்-22ங்கிற காப்பீட்டுச் சான்றை இரண்டு தடவை அனுப்பிட்டார், நகலும் கொடுத்தார். மூணு மாசத்துல கப்பல் கிளம்புது. எங்க தப்பு நடக்குது?

நங்கூரம்:
அண்ணா, நான் அதே தளத்தில் 11 வருஷம் இருந்தவன். உங்க ஏஜென்ட் அனுப்பின தாளே தப்பு. வர்ஜீனியாவில் டியூஐ தண்டனைக்கு எஸ்ஆர்-22 செல்லாது, எஃப்ஆர்-44ங்கிற வேற சான்று வேணும். இந்த எஃப்ஆர்-44 வர்ஜீனியாவிலும் ஃபுளோரிடாவிலும் மட்டும்தான் இருக்கு. மத்த மாநிலத்து ஏஜென்ட்கள் நிறைய பேர் அதைக் கண்ணால பார்த்திருக்கவே மாட்டாங்க. இன்னும் பத்து தடவை எஸ்ஆர்-22 அனுப்பினாலும் இதே பதில்தான் வரும்.

இரண்டாவது சிக்கல், தொகை. எஃப்ஆர்-44 கேட்கிறது வர்ஜீனியா குறைந்தபட்சத்தைப் போல இரண்டு மடங்கு. பழைய பக்கங்களில் 60/120/40ன்னு போட்டிருக்கும், அதை நம்பாதீங்க. 2025 ஜனவரி 1 முதல் குறைந்தபட்சமே 50/100/25 ஆகிடுச்சு. அதனால உங்களுக்கு 100/200/50 வேணும்: ஒருத்தருக்கு அடிபட்டா ஒரு லட்சம் டாலர், ஒரு விபத்தில் அடிபட்ட எல்லாருக்குமா இரண்டு லட்சம், பொருள் சேதத்துக்கு 50,000. உங்க 30/60/25 டெக்சஸுக்குப் போதும், இதுக்குப் பத்தாது.

முதல்ல தம்பியை டிஎம்வி-யில் "கம்ப்ளையன்ஸ் சம்மரி" வாங்கச் சொல்லுங்க. இன்னும் என்னென்ன பாக்கின்னு அதில் வரி வரியா இருக்கும். மூச்சை ஊதினாதான் வண்டி கிளம்புற இன்டர்லாக் கருவி முதல் குற்றத்துக்கே உண்டு, குறைஞ்சது ஆறு மாசம். அது பாக்கியான்னும் அதிலேயே பாருங்க.

பாலிசி மேசை:
நான் இன்சூரன்ஸ் வேலையில் இருக்கேன். நங்கூரம் சார் சொன்னது சரி. ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன்: எஃப்ஆர்-44 தனி இன்சூரன்ஸ் இல்லை. "இவருக்கு இவ்வளவு காப்பீடு நடப்பில் இருக்கு"ன்னு கம்பெனி மாநிலத்துக்குக் கொடுக்கிற உறுதி, அவ்வளவுதான். விலை ஏறுறது தாளால இல்லை, தண்டனையாலயும் கூட்டின தொகையாலயும். இந்த எஃப்ஆர்-44 மூணு வருஷம் விடாம இருக்கணும். தண்டனை வர்ஜீனியா பதிவில் 11 வருஷம் நிற்கும்.

சார், காரை உங்க பேர்லயும் அவரை உங்க பாலிசியிலும் வச்சிருந்தா பாரம் மொத்தக் குடும்பத்து மேல விழும். காரைப் பையன் பேருக்கு மாத்துங்க. டெக்சஸில் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தா பரிசு வரி 10 டாலர்தான். பிறகு அவர் பேர்ல தனிப் பாலிசி. கார் இல்லாதவங்களுக்கான நான்-ஓனர் பாலிசி மலிவா இருக்கும்னு சிலர் சொல்வாங்க. தினமும் ஓட்ட ஒரு கார் கையில் இருக்கிறவருக்கு அது பொருந்தாது, நாளைக்கு க்ளெய்ம் வந்தா மறுத்துடுவாங்க.

படையினருக்கான யூஎஸ்ஏஏ இன்சூரன்ஸ் கம்பெனி உட்பட நாலஞ்சு இடத்தில் விலை கேளுங்க. முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்: "வர்ஜீனியாவுக்கு எஃப்ஆர்-44 பதிவு செய்வீங்களா?" டியூஐ-யை மறைக்கவே கூடாது. பதிவைப் பார்த்ததும் தெரிஞ்சிடும், பாலிசியையே ரத்து செஞ்சுடுவாங்க.

கடலோர அம்மா:
அண்ணா, கப்பல் கிளம்புதுன்னு சொன்னீங்களே, எனக்கு அதுதான் பயமா இருக்கு. என் மகள் கடற்படையில் இருக்கா. அவ கப்பல்ல கிளம்பும்போது காரை நிறுத்திட்டு, லயபிலிட்டியை (நாம மத்தவங்களுக்கு ஏற்படுத்துற சேதத்துக்கான காப்பீடு) எடுத்துட்டு, திருட்டு, சேதத்துக்கு மட்டும் காப்பீடு வச்சுப் பணம் மிச்சம் பிடிச்சோம். உங்க பையன் அப்படிச் செய்யக் கூடாது. பாலிசி விட்டுப்போனாலோ லயபிலிட்டியை எடுத்தாலோ உடனே கம்பெனி டிஎம்வி-க்குச் சொல்லியாகணும், ஓட்டுற உரிமை திரும்பவும் போயிடும். கடலில் இருக்கிறவனுக்கு அந்தக் கடிதம் எப்போ கைக்கு வரும்?

பிரீமியம் தானா வங்கியிலிருந்து போற மாதிரி செய்யுங்க. கிளம்பும் முன்னே தளத்துச் சட்ட உதவி அலுவலகத்தில் உங்க பேருக்கு ஒரு பவர் ஆஃப் அட்டர்னி (அவன் சார்பா நீங்க செயல்படுறதுக்கான அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிக்கோங்க, படையினருக்கு அது இலவசம். கடிதம் வர்ற முகவரியையும் உங்க வீட்டுக்கு மாத்துங்க.

இன்னொண்ணு, தங்கச்சியா நினைச்சுக் கேட்கிறேன். பையன் குடியை விட்டானா? கடற்படையிலேயே சார்ப்னு சிகிச்சைத் திட்டம் இருக்கு. தண்டிக்க மட்டும் இல்லை, உண்மையிலேயே உதவுறாங்க.

ஹூஸ்டன் அப்பா (ஒன்பது நாள் கழித்து):
பதில் சொன்ன எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். ஏஜென்ட்கிட்ட எஃப்ஆர்-44ன்னு சொன்னதும், எங்க கிளையால் வர்ஜீனியாவுக்குப் பதிவு செய்ய முடியாதுன்னு ஒத்துக்கிட்டார். காரைப் பையன் பேருக்கு மாத்தி, வேற இடத்தில் 100/200/50 எடுத்தோம். பழைய பிரீமியத்தைப் போல இரண்டரை மடங்கு. அவன் சம்பளத்திலிருந்தே கட்டுறான், நான் தரேன்னு சொன்னதுக்கு வேண்டாம்னுட்டான். நேத்து டிஎம்வி பதிவில் எஃப்ஆர்-44 ஏறிடுச்சு. சம்மரியில் இன்டர்லாக் மட்டும் பாக்கி. கப்பல் கிளம்புறதுக்குள்ள ஆறு மாசம் முடியாது, மீதியைத் திரும்பி வந்து முடிக்கணுமான்னு வாசாப்பில் கேட்கப் போறான்.

அம்மா, நீங்க கேட்டதை அவன்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. சார்ப்புக்கு மார்ச் மாசத்திலிருந்தே போறேன், உங்ககிட்ட சொல்லத்தான் தைரியம் வரலைன்னான்.

நங்கூரம்:
அண்ணா, டெக்சஸ் பக்கத்துக்கும் தண்டனைத் தகவல் போயிருக்கும். அவன் லைசென்ஸ் அந்த ஊருதுன்னா, அங்கேயும் ஒரு தடவை நிலவரம் பார்த்துடுங்க. இன்டர்லாக் பொருத்தப் போற அன்னைக்கு யாராவது கூட வேணும்னா சொல்லுங்க, நான் இன்னும் நார்ஃபோக்கில்தான் இருக்கேன்.